தலையணைக் கணக்கு

இருதயம் என்னும் உறுப்பை நம்முடைய கவிஞர்களும் கதாசிரியர்களும் படுத்தியிருக்கும் பாடு கொஞ்சமல்ல. கதைகளிலே அது உருகுகிறது, உடைகிறது, சில சமயம் கல்லாகச் சமைந்துவிடுகிறது, யாராவது ஒருவர் அதைத் திருடிக்கொண்டும் போய்விடுகிறார். ஆனால் அந்த உறுப்பு களைத்துப் போனால் என்ன நேரிடும் என்று எந்தக் கதாசிரியரும் எழுதியதாக நமக்கு நினைவில்லை. காரணம் ஒருவேளை இதுவாக இருக்கலாம்: இருதயம் களைத்துப் போனால் பலருக்கு முதலில் வீங்குவது கணுக்கால். கதாநாயகனுக்குக் கணுக்கால் வீங்கியது என்று எழுதினால் எந்த வாசகர் கண்ணீர் உகுக்கப் போகிறார்?

சென்ற ஆண்டு நம்முடைய பெரியம்மாள் சில தினங்கள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். கையோடு கொண்டுவந்த காகிதத்தில் 'இருதயச் செயலிழப்பு' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பேரன் அலறிவிட்டான். செய்தி டெலிபோனில் பறந்தது. மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் உறவினர்கள் இராத்திரி பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள். விடியற்காலையில் அவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக வாசற்படி ஏறியபோது, பெரியம்மாள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தாள். "இத்தனை பேருக்கும் காப்பிப் பொடி போதாதே!" என்பதுதான் அவளுடைய அப்போதைய கவலை.

செயலிழந்தது என்றால் நின்றுவிட்டது என்றுதானே பொருள்? ஆங்கிலக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? அவர்களும் 'ஹார்ட் பெயிலியர்' என்று, பரீட்சையில் தோற்ற பையனைச் சொல்வதுபோல் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கும் அது குறிக்கும் நோய்க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நேரில் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் அன்றே நமக்கு உண்டாயிற்று. இந்த ஒரு நோயையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்ட டாக்டர் அம்மையார் ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரை அணுகிக் கேட்டோம். "ஒரு நாள் காலை என்னோடு ரவுண்ட்ஸுக்கு வாருங்கள். நோயாளிகள் சம்மதித்தால் நில்லுங்கள், சம்மதிக்காத இடத்தில் வெளியே போய்விடுங்கள்" என்றார். நிபந்தனை நியாயமாகவே பட்டது. ஆஸ்பத்திரியின் பெயரும் நோயாளிகளின் பெயரும் இங்கே வரமாட்டா.

காலை எட்டு மணிக்கு வார்டு வாசலில் நின்றோம். டாக்டருக்கு வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவருக்குப் பின்னால் நான்கு இளம் டாக்டர்கள், ஒரு நர்ஸ். எல்லாருக்கும் பின்னால், நோட்டுப் புத்தகமும் கையுமாக நாம். இருதய நிபுணர் என்றால் கட்டிலருகே போனதும் ஸ்டெதாஸ்கோப்பை நோயாளியின் மார்பில் வைப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இவர் கேட்ட முதல் கேள்வி, "இன்றைக்கு எடை என்ன?" என்பது.

வார்டின் மூலையில் ஓர் எடை மிஷின் இருக்கிறது. இரயில்வே ஸ்டேஷன்களில் காசு போட்டால் விளக்கெரிந்து சக்கரம் சுழலுமே, அந்த வைபவமெல்லாம் இதற்குக் கிடையாது. சாதாரண மிஷின். ஆனால் அந்த வார்டிலுள்ள விலையுயர்ந்த கருவிகள் எல்லாவற்றையும்விட டாக்டர் நம்புவது அதைத்தான் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டோம். தினந்தோறும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன்னால், ஒவ்வொருவரும் அதில் ஏறி நிற்க வேண்டும். முதல் கட்டிலில் இருந்த பெரியவர் நேற்று 71.4 கிலோ, இன்று 69.8. ஒரே இரவில் யாருக்கும் ஒன்றரைக் கிலோ சதை கரைந்துவிடாது. போனது அத்தனையும் நீர்.

"இராத்திரி எத்தனை தலையணை, ஐயா?" என்று கேட்டார் டாக்டர்.

"இரண்டு, அம்மா."

"வந்த அன்றைக்கு?"

"அன்றைக்குத் தலையணை ஏது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே அல்லவா விடிந்தது!"

டாக்டர் அதை ஏட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். நமக்கு ஆச்சரியமாக இருந்தது. விளக்கத்தை ஓர் இளம் டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் மேல்நோக்கித் திரும்பி வருகிறது. களைத்த இருதயத்தால் அதை வாங்கி அனுப்ப முடிவதில்லை. சுவாசப்பையில் நீர் கோத்துக்கொள்கிறது, மூச்சுத் திணறுகிறது. ஆகையால் நோயாளி தாமாகவே ஒரு தலையணையை இரண்டாக்குகிறார், இரண்டை மூன்றாக்குகிறார், கடைசியில் படுக்கையையே விட்டுவிடுகிறார். பெரும்பாலும் வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. "வயசாச்சு, தூக்கம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிஷத்துக்குள் மூச்சு வாங்குவதும் இப்படிப்பட்ட அடையாளந்தானாம். அது எந்த யுகத்திலும் இருந்திருக்கக்கூடிய சங்கடமே; ஆனால் அதற்கு ஒரு பெயர் வைத்து வைத்திய ஏட்டில் எழுதியது 2014-இல்தான்.

அடுத்தபடியாக, கட்டிலின் தலைப்பக்கத்தை 45 பாகைக்கு உயர்த்திப் பெரியவரின் கழுத்தில் சிறு விளக்கை அடித்துப் பார்த்தார். கழுத்து நரம்பு எவ்வளவு உயரம் வரையில் புடைத்துத் துடிக்கிறது என்பதைக் கொண்டு, உள்ளே நீர் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று சொல்லிவிடலாம். பிறகு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்தினார். பிசைந்த மாவில் பதிந்தாற்போல் குழி விழுந்தது. நிரம்பச் சிறிது நேரமாயிற்று. "நேற்று முழங்கால் வரையில் குழி விழுந்தது, இன்று பாதிக் காலோடு நிற்கிறது" என்றார்.

ஸ்டெதாஸ்கோப்புக்கு அதன் பிறகுதான் வேலை வந்தது. அதுவும் மார்பைவிட முதுகில்தான் அதிகம். நமக்கும் கேட்கக் கொடுத்தார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஏதோ படபடவென்று பொரிவதுபோல் மெல்லிய ஓசை. 1816-இல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லென்னெக் என்னும் வைத்தியர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கருவி பிறந்தது. இந்த ஓசைக்கு அவர் சொன்ன உவமை, சூடான சட்டியிலே உப்பு வெடிக்கும் சத்தம். உப்பின் பெயர் அன்று காலையில் நம் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப்பின் எத்தனை தடவை விழுந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முஷ்டி அளவுள்ள இந்த உறுப்பு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. 7,000 லிட்டருக்கு மேல் இறைப்பு. ஒரு தண்ணீர் லாரியைத் தினமும் நிரப்பிக் காலிசெய்கிற வேலை! மாரடைப்பினால் தசையில் ஒரு பகுதி செத்துப் போனாலும், பல வருஷம் கவனியாத இரத்தக் கொதிப்பினால் சுவர் தடித்து விறைத்தாலும், இளமையில் வந்த மூட்டுவாத ஜுரத்தினால் வால்வுகள் கெட்டாலும், ஏற்றம் இறைக்கிறவனுக்குக் கை ஓய்ந்து விடுகிறது. வேலை நின்றுவிடவில்லை, சால்கள் குறைகின்றன.

விபரீதம் இதற்குப் பிறகுதான். சிறுநீரகத்தை ஏரி மதகைக் காக்கும் நீர்க்கட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வரத்துக் குறைந்ததை அவன் காண்கிறான். ஏரியிலேயே தண்ணீர் இல்லை என்று எண்ணுகிறான். விசுவாசமுள்ள ஊழியன் அல்லவா? ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று மதகை இறுக அடைக்கிறான். உப்பையும் நீரையும் சேர்த்துச் சேர்த்து வைக்கிறான். உண்மையிலோ ஏரி கரைபுரள நிற்கிறது. சேமித்த நீரெல்லாம் காலிலும் வயிற்றிலும் சுவாசப்பையிலும் போய்த் தேங்குகிறது. நம் பெரியோர்கள் 'மகோதரம்' என்று சொல்லிப் பயந்தது, வயிற்றில் இவ்விதம் நீர் கோப்பதைத்தான். ஈரல் கெட்டாலும் அது வருவதுண்டு. ஆக, நோயாளியை மூழ்கடிப்பது இருதயத்தின் துரோகம் அல்ல. சிறுநீரகத்தின் அளவு கடந்த விசுவாசம்.

நிற்க. இரண்டாவது அறையில் அறுபத்தெட்டு வயதுப் பாட்டியார் ஒருவர். மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாக வந்திருக்கிறார். அங்கே நடந்த குறுக்கு விசாரணையை ஹைகோர்ட்டு வக்கீல்கள் வந்து கேட்டிருக்க வேண்டும்.

"உப்பெல்லாம் எப்படி, பாட்டி?"

"உப்பா? அதைத் தொட்டே மூன்று மாதம் ஆகிறது. குழம்பிலே கூடப் போடுவதில்லை."

"சரி. உப்பில்லாத குழம்பு எப்படித் தொண்டையில் இறங்குகிறது?"

"ஒரு துண்டு ஊறுகாய் தொட்டுக்கொள்வேன்."

"அப்புறம்?"

"ஒரே ஓர் அப்பளம். மோர் சாதத்துக்கு மோர் மிளகாய் இரண்டு. அவ்வளவுதான், தாயே!"

பக்கத்தில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குழம்பிலிருந்து கிளம்பிய உப்பு ஊறுகாய் ஜாடி வழியாகத் திரும்பி வந்துவிட்டதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பளத்தில் உப்பு மட்டுமா? அதில் சேர்க்கும் அப்பளக்காரமும் உப்பின் சகோதரன்தான். கருவாடு, வற்றல், வடகம், பாக்கெட்டில் வரும் மிக்ஸர் எல்லாம் ஒரே குடும்பம். "கடை உப்பு வேண்டாமென்று இந்துப்பு வாங்கினோமே?" என்றாள் மருமகள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சரக்குத்தான் என்றார் டாக்டர். மூட்டு வலிக்கென்று தாமாகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் உடம்பில் உப்பைத் தேக்கி வைப்பவை என்பது எங்களுக்குப் புதிய செய்தி. பாட்டியாரின் தலையணைக்கு அடியிலிருந்து அப்படிப்பட்ட மாத்திரை அட்டை ஒன்று அப்போதே கைப்பற்றப்பட்டது.

இளநீர் விஷயத்தைப் பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் நாலு இளநீர் வாங்கிக்கொண்டு போவது நம் நாட்டு மரியாதை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, பொட்டாசியம் என்னும் சத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். இளநீரிலும் அது ஏராளம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும். 'உப்புக்குப் பதில் உப்பு' என்று கடைகளில் விற்கும் சில பொடிகளும் இதே வகை. அன்பு காட்டுகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்துக்கும் இளநீருக்கும் பதிலாக நல்ல வார்த்தை நாலு கொண்டுபோவது உத்தமம்.

உலக சுகாதார ஸ்தாபனம் எல்லாருக்குமே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் அனுமதிக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கு மேல் இராது. அதையும் விடக் கடுமையாகக் குறைத்தால் இன்னும் நல்லதோ என்று ஆறு தேசங்களில் 806 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது. மரணமும் ஆஸ்பத்திரி வாசமும் அதனால் குறையவில்லை. இதை நாம் டாக்டரிடம் கேட்டோம். "உண்மைதான். பத்தியம் என்று சொல்லி யாரையும் பட்டினி போட நான் விரும்பவில்லை. ஆனால் நம் வீடுகளில் பிரச்னை, குறைந்த உப்பை இன்னும் குறைப்பதல்ல; ஊறுகாய் ஜாடியை எட்டாத பரணில் வைப்பது" என்றார்.

மருந்துகளின் வரலாறு கதையைவிடச் சுவையாக இருக்கிறது. 1775-இல் இங்கிலாந்தில் வில்லியம் வித்தரிங் என்ற வைத்தியரிடம், நீர்வீக்கத்துக்கு ஷ்ராப்ஷயர் பிரதேசத்துக் கிழவி ஒருத்தி இரகசியமாக வைத்திருந்த குடும்ப மருந்தைப்பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். அதில் இருபதுக்குமேல் பச்சிலைகள். சூட்சுமம் முழுதும் டிஜிடாலிஸ் என்ற ஒரே இலையில் இருப்பதை அவர் கண்டுகொண்டு, பத்து வருஷம் சோதித்து 1785-இல் புத்தகம் போட்டார். கிழவியின் பெயரை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. அந்த இலையின் வமிசத்தில் வந்த மருந்து இன்றும் சில நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. பிரேஸில் தேசத்து விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப் போய்க் கிடைத்த வழியில் 1981-இல் ஒரு மாத்திரை வந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று, கடுமையான நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறது என்று 1987-இல் நிரூபணமாயிற்று. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் எடுத்த ஒரு கசப்புப் பொருளின் பேரப்பிள்ளை, நீரிழிவு மருந்தாக வேலைக்கு வந்து, 2019-இல் இருதய நோய்க்கும் உதவும் என்று பெயர் எடுத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் வேடிக்கை, இருதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்தின் கதை. களைத்த குதிரையைச் சாட்டையால் அடிக்க வேண்டும், கடிவாளத்தை இழுக்கவே கூடாது என்று உலகமெங்கும் மாணாக்கர்களுக்குப் போதித்து வந்தார்கள். 1975-இல் ஸ்வீடன் தேசத்தில் வாக்ஸ்டைன் முதலிய வைத்தியர்கள் கடிவாளத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார்கள், குதிரை தேறியது. உலகம் நம்ப இருபது வருஷத்துக்குமேல் ஆயிற்று. 1999-இல் இரண்டு பெரிய பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்திய பிறகு, எந்த மருந்தைக் கொடுத்தால் குற்றமோ அதைக் கொடாமலிருப்பது குற்றமாகிவிட்டது.

ஆனால் மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும் அது தொண்டைக்குள் போக வேண்டுமே! அடுத்த கட்டிலில் இருந்தவர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். வயது நாற்பத்தேழு. நம் நாட்டில் இந்த நோய் மேனாட்டாரைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே வந்துவிடுகிறது என்று டாக்டர் வழியில் சொன்னதற்கு அவரே சாட்சி. ஆறு மாதத்தில் மூன்று தடவை மூச்சுத் திணறி வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவருடைய ஏட்டில் 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று எழுதியிருந்தது. ஏன் சாப்பிடுவதில்லை என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளாத குறையாகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், நர்ஸைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். நாம் நாகரிகமாகச் சிறிது விலகி நின்றோம். பிறகு சொன்னார்.

"காலையிலே அந்த நீர் மாத்திரையைப் போட்டால் அரைமணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறது, அம்மா. நாலாவது மாடிச் சாரத்தின் மேல் நின்றுகொண்டு நான் எப்படி இறங்கி இறங்கிப் போவது? மேஸ்திரி ஒரு நாள் பார்ப்பார், இரண்டு நாள் பார்ப்பார். வேலையில்லாத நாளில் போட்டுக்கொள்வேன்."

"எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்?"

"ஐந்து மணிக்கு."

"அப்படியானால் ஐந்து மணிக்கே போட்டுக்கொள்ளுங்கள். அதன் வேலை ஆறு மணி நேரம். பதினொரு மணிக்குத் தூங்கலாம்."

அந்த மனிதர் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத நம் பேனாவுக்குச் சக்தியில்லை. "அவ்வளவுதானா, அம்மா?" என்று மட்டும் கேட்டார். சாரத்தின் மேல் ஏறும் வேலையைக் கொஞ்ச காலம் விட்டுவிட வேண்டுமென்று டாக்டர் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அதற்கு மாத்திரையில் வழி கிடையாது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வேலை செய்யும் பெண்களிலும் எத்தனையோ பேர், வழியில் ஒதுங்க இடமில்லாத காரணத்தால் இந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்களாம். நம் ஊர்களில் பொதுக் கழிப்பிடமில்லாத குறையும் இருதய நோயில் சேர்த்தி என்று அன்று அறிந்தோம்.

அடுத்த அறைக்குள் போகுமுன் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அங்கே இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி. குழந்தை பிறந்து இரண்டு மாதம். பிரசவத்துக்குப் பின் மூச்சு வாங்கியதையும் கால் வீங்கியதையும் பிள்ளை பெற்ற அசதி என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவித்த சில மாதங்களிலோ, முன்பு எவ்வித நோயும் இல்லாத பெண்களுக்கு இருதயத் தசை திடீரென்று தளர்ந்து போவதுண்டு. இன்ன காரணமென்று ஒரே வார்த்தையில் சொல்ல இன்னும் முடியவில்லை. எக்கோ பரிசோதனையில் அவளுடைய கணக்கு 28.

இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். நிறைந்த இருதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதே அது. நல்ல இருதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். நூற்றுக்கு நூறு வாங்கும் இருதயம் உலகத்தில் இல்லை. 'அறுபதுதானா?' என்று பதறுகிறவர்கள் உண்டாம். நம் சர்வகலாசாலைகளில் அறுபது வாங்கினால் முதல் வகுப்பு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அறுபது இருந்தும் தசை விறைத்துப் போனதால் மூச்சுத் திணறுகிறவர்களும் ஏறக்குறையப் பாதிப் பேர் உண்டு. அந்தப் பெண்ணின் 28, இதில் எந்தச் சமாதானத்துக்கும் இடங்கொடாத எண்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதிக்குமேற்பட்டவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் நன்றாகத் தேறிவிடுகிறது, அம்மா. உனக்கும் தேறும் என்று நம்புகிறேன். ஆனால் இன்னொரு குழந்தை வேண்டாம். தேறினாலுங்கூட, அடுத்த பிரசவத்தில் இது திரும்பி வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம்."

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் மாமியாரைப் பார்த்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கிராமத்து மனுஷி. நாம் ஏதேதோ எதிர்பார்த்தோம். எத்தனை நாவல்கள் படித்திருக்கிறோம்! அவர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "இதை என் பிள்ளையைக் கூப்பிட்டு நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், டாக்டரம்மா. நான் சொன்னால் நாளைக்கு ஊரார் பேச்சு வரும்போது மறந்துவிடுவான். நீங்கள் சொன்னால் மறக்கமாட்டான்" என்றார். மாலை ஐந்து மணிக்குக் கணவனை அழைத்து வரச் சொல்லி, அந்த வேளையைத் தம் கைப்படக் குறித்துக்கொண்டார் டாக்டர்.

கடைசி அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. அதற்கு வெளியே ஐம்பது வயதுள்ள ஒருவர் வழிமறித்தார். உள்ளே இருப்பவர் அவருடைய தந்தை, எண்பத்தொரு வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இந்த ஆண்டில் ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறார். நீர் இறக்கும் ஊசிக்கு இப்போது சிறுநீரகம் செவிசாய்ப்பதில்லை. மாற்று இருதயம் வைக்கும் சிகிச்சை நம் தேசத்தில் 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டில்லியில் டாக்டர் வேணுகோபால் முதன்முதல் வெற்றிகரமாகச் செய்து காட்டியது முதல் நடந்து வருகிறது. ஆனால் எண்பத்தொரு வயதில், சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு அந்த வழி திறப்பதில்லை.

"அப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் மனம் உடைந்துவிடும்" என்றார் மகன்.

"அவர் கேட்காததை நான் சொல்லமாட்டேன். கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று காலை முழுவதும் அவர் உட்கார்ந்தது அங்கே மட்டுந்தான். பெரியவர் நான்கு தலையணையில் சாய்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிற்று. ஆனாலும் பேச்சில் உபாத்தியாயரின் கண்டிப்புக் குறையவில்லை.

"உங்கள் காகிதத்தில் 'செயலிழப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. இழந்தது என்றால் முழுவதும் போனது. என்னுடையது இன்னும் போகவில்லை."

"வேறு என்ன எழுதலாம், ஐயா?"

"சோர்வு என்று எழுதுங்கள். இருதயச் சோர்வு. சோர்ந்தவன் எழுந்திருக்கவும் கூடும். எழாமல் போகவும் கூடும். இரண்டுக்கும் அதில் இடம் இருக்கிறது."

இளம் டாக்டர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். நாமும் குறித்துக்கொண்டோம். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு பெரியவர் கேட்டார்: "நான் எழுவேனா, அம்மா?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தத் தடவை எழுந்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஐயா" என்றார் டாக்டர். "மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள மருந்து இருக்கிறது. அதை வீட்டிலும் கொடுக்கலாம். இங்கே இருக்க வேண்டுமா, வீட்டுக்குப் போக வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. மனம் உடைந்ததாகவும் தெரியவில்லை. விடைத்தாளைத் திருத்தி முடித்தவர் போல் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "வீட்டுக்கு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஏண்டா, அங்கே நிற்கிறாய்? இங்கே வந்து உட்கார்" என்றார். மகன் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

டாக்டர், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸைப் பற்றியும், இரவில் திணறல் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தைப் பற்றியும், யாருக்கு டெலிபோன் செய்வது என்பதைப் பற்றியும் மகனுக்கு விவரமாகச் சொன்னார். நர்ஸ் எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மகன், பழகிய வழக்கப்படி, "சாப்பாடு உப்பில்லாமல்தானே, டாக்டர்?" என்றார்.

"அவர் கேட்பதைக் கொடுங்கள்."

பெரியவர் கண்ணைத் திறந்தார். "வற்றல் குழம்பு" என்றார். சற்றுப் பொறுத்து, "அப்பளம் ஒன்று."

"இரண்டாகவே பொரிக்கச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

மணி பதினொன்றரை ஆகியிருந்தது. கீழே வெளி நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டதென்று ஆள் வந்து சொன்னான். டாக்டர் எழுந்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, அதில் 'உப்புக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்த வரியை ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, மாடிப்படியை நோக்கி நடந்தார்.